எல்லார் கணினியிலும் திறக்கும் டிராயிங் வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டப் பொறியாளர், வரைவாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஆரல்வாய்மொழியில் இருந்து களியக்காவிளை வரை ஒற்றை மேசை போட்டு அலுவலகம் நடத்தும் என் தொழில் தோழர்களுக்கும் வணக்கம்.

அடுத்த பொதுக்குழுவில் வைக்கப்போகும் தீர்மானத்தின் நகல் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. வரும் ஏப்ரல் 1 முதல் உறுப்பினர்கள் எல்லாரும் கணினியில் டிராயிங் போடும் மென்பொருளான ஆட்டோகேட்டின் புதிய பதிப்புக்கு மாறிவிட வேண்டும், ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் டிராயிங் எல்லாம் அந்தப் பதிப்பிலேயே இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு முறை படித்தேன். இதை எழுதியவர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆளுக்கொரு பதிப்பு வைத்துக்கொண்டு நாம் படும் பாடு எனக்கும் தெரியும். ஆனாலும் ஓட்டுக்கு விடுமுன் இந்தத் தீர்மானத்தைத் திருத்த வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். எனக்குச் சொல்ல வேண்டியது அதைவிட அதிகம்.

நான் தக்கலையில் இருபத்திரண்டு வருடமாக டிராயிங் அலுவலகம் நடத்துகிறேன். மூன்று கணினி, என்னோடு சேர்த்து மூன்று பேர். வீட்டு பிளான், பாகப்பிரிவினை ஸ்கெட்ச், பிறர் செய்த டிசைனுக்குக் கம்பி ஷெட்யூல் (கம்பி அளவுப் பட்டியல்), இதுதான் எங்கள் பிழைப்பு.

முதலில் ஒரு சம்பவம். மூன்று வருடம் முன்பு திருவட்டாறு பக்கம் ஒரு மாடி வீடு. பிளான் எங்களுடையது, ஸ்ட்ரக்சுரல் டிசைன் வேறொரு அலுவலகம். செப்டிக் டேங்க் வரும் இடத்தை வீட்டுக்காரர் மாற்றியதால் ஒரு தூணை ஓரடி தள்ள வேண்டி வந்தது. திருத்திய டிராயிங்கை அவர்கள் அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் இருந்தது 2014 பதிப்பு. அவர்கள் அந்த மாதம்தான் புதியதற்கு மாறியிருந்தார்கள். கோப்பு திறக்கவில்லை. பழைய வடிவத்தில் சேமித்து அனுப்பச் சொல்லி எழுதினேன். அது மறுநாள் மதியம்தான் வந்தது. அதற்குள் சைட்டில் மேஸ்திரி தன் போனில் கிடந்த முந்தைய பி.டி.எஃப்.பைப் பார்த்துக் குழி எடுத்து, மேட் கம்பி விரித்து, தூண் கம்பியையும் நிறுத்திவிட்டார். "சாரே, நீங்க அனுப்பினதப் பாத்துதானே கெட்டினேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கான்கிரீட் போடுமுன் கண்ணில் பட்டதால் அவ்வளவோடு போயிற்று. கம்பியைப் பிரித்து, பழைய குழியை மண்ணால் மூடிக் கெட்டியாக இடித்து, புதுக்குழி எடுத்து முடிக்க ஒரு வாரம் ஆனது. ஐப்பசி மழை வேறு. அந்த வீட்டுக்காரர் குவைத்தில் வேலை செய்து மாதாமாதம் அனுப்பும் பணத்தில் எழும்பிய வீடு அது. செலவை இரண்டு அலுவலகமும் பங்கு போட்டுக்கொண்டோம். ஆனால் அன்று அவர் மனைவி சைட்டில் நின்று அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதைக் கேட்டதும், "அப்போ எல்லாரும் புதிய பதிப்பில் இருந்திருந்தால் இது நடந்திருக்காதே" என்று தோன்றும். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது. பிறகு நிதானமாக யோசித்தபோது வேறொன்று தெரிந்தது. அந்த டிராயிங்கை முதலிலேயே 2010 வடிவத்தில் சேமித்து, திருத்த எண் போட்ட பி.டி.எஃப். ஒன்றையும் கூட அனுப்பியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். யாரும் எதையும் வாங்க வேண்டியிருந்திருக்காது.

ஏனென்றால் மென்பொருளின் பதிப்பு வேறு, கோப்பின் வடிவம் வேறு. புதிய ஆட்டோகேட் வருடாவருடம் வருகிறது. ஆனால் அது டிராயிங்கைச் சேமிக்கும் டி.டபிள்யூ.ஜி. வடிவம் வருடாவருடம் மாறுவதில்லை. 2000, 2004, 2007, 2010, 2013, 2018 என்று சில வருடத்துக்கு ஒருமுறைதான் மாறியிருக்கிறது. 2013 பதிப்பு எழுதிய வடிவத்தையே 2017 வரை எழுதினார்கள். 2018இல் வந்த வடிவத்தையே 2025 பதிப்பும் எழுதுகிறது. அதாவது 2018 வைத்திருக்கும் ஓர் அலுவலகம், 2025 வைத்திருப்பவர் அனுப்பும் சாதாரண பிளானைத் திறக்க ஒரு ரூபாயும் செலவழிக்கத் தேவையில்லை. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஒரு கோப்பு எந்த வடிவம் என்று சந்தேகம் வந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள். குப்பையாகத்தான் தெரியும். ஆனால் முதல் ஆறு எழுத்து தெளிவாக இருக்கும். ஏசி1024 என்றால் 2010 வடிவம், ஏசி1027 என்றால் 2013, ஏசி1032 என்றால் 2018. மேல்வடிவத்தில் வந்த கோப்பைக் கீழ்வடிவத்துக்கு மாற்ற டி.டபிள்யூ.ஜி. ட்ரூவியூ என்று ஆட்டோடெஸ்க் நிறுவனமே இலவசமாக ஒரு கருவி தருகிறது. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தால் இந்தத் தீர்மானத்தின் பாதித் தேவை தீர்ந்திருக்கும்.

அடுத்தது காசு. ஆட்டோகேட்டைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமம் 2016 ஜனவரி 31உடன் புதிதாக விற்பது நின்றுபோனது. அதற்குமுன் வாங்கியவர்களிடம் இருப்பது சொந்த வீடு மாதிரி. இப்போது கிடைப்பது வாடகை. வருடம் முடிந்து பணம் கட்டாவிட்டால் பூட்டிக்கொள்ளும். முழுப் பதிப்பு ஓர் இருக்கைக்கு ஒரு வருட வாடகை, எங்கள் பகுதியில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைக்குப் பல மாதச் சம்பளம். நகரத்தில் பெரிய கன்சல்டன்சிக்கு இது ஒரு செலவே இல்லை. குலசேகரத்திலும் கருங்கலிலும் மாதம் நாலு வீட்டு பிளான் போடுகிற அலுவலகத்துக்கு இது அந்த வருட லாபம். பழைய சொந்த உரிமத்தை வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சந்தாவுக்கு மாறும்போது பழைய உரிமத்தை விட்டுக்கொடுக்கும் நிபந்தனை இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கைவிட்டால் அது மறுபடி விலைக்குக் கிடைக்காது.

மென்பொருளோடு செலவு நிற்பதுமில்லை. 2020 பதிப்பில் இருந்து 32 பிட் கணினியில் ஆட்டோகேட் ஏறாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 பழைய பிராசஸர்களை ஏற்பதில்லை. ஆகவே நம்மில் பலருக்கு இது மென்பொருளும் கணினியும் சேர்ந்த செலவு. பழைய பிளாட்டர் (பெரிய தாளில் டிராயிங் அச்சிடும் கருவி) வைத்திருப்பவர்கள் அதன் டிரைவர் புதிய விண்டோஸில் வேலை செய்யுமா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது சொல்லத் தயங்குவதைச் சொல்கிறேன். கட்டாயம் என்று தேதி குறித்துவிட்டால், கையில் காசில்லாத அலுவலகம் என்ன செய்யும்? கிராக் பண்ணிய பிரதியைத் தேடிப் போகும். நம் மாவட்டத்தில் அது நடக்கவே இல்லை என்று நாம் யாரும் சொல்ல முடியாது. நேர்மையாகப் பழைய பதிப்பை வைத்துப் பிழைப்பவர்களையும் இந்தத் தீர்மானம் அந்தப் பக்கம் தள்ளிவிடும் என்பதுதான் என் பெரிய கவலை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், டிராயிங்கின் பாதுகாப்பை யோசியுங்கள். 2012இல் ஏகேட் மெட்ரே என்ற வைரஸை எசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. டிராயிங்குகளோடு ஒட்டிப் பரவி, திறந்த டிராயிங்கையெல்லாம் மின்னஞ்சலில் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. பெரு நாட்டில்தான் அதிகம் பரவியது. அது ஆட்டோலிஸ்ப் என்ற, ஆட்டோகேட்டுக்குள்ளேயே ஓடும் நிரல்மொழியில் எழுதப்பட்ட வைரஸ். யாரோ உடைத்துத் தந்த பிரதியில் என்னென்ன ஏற்றியிருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒருவரின் வீட்டு பிளானும் நில அளவும் நம்மை நம்பித் தரப்படுபவை.

வாடகை கட்ட முடியாதவர்களுக்கு வேறு வழியே இல்லை என்றும் இல்லை. டி.டபிள்யூ.ஜி. கோப்பையே திறந்து வேலை செய்யும் பிரிக்ஸ்கேட், இசட்.டபிள்யூ.கேட் போன்றவை சொந்த உரிமமாகவே கிடைக்கின்றன. லிஸ்ப் நிரல்களும் அவற்றில் ஓடும். தீர்மானம் இப்போதுள்ள வாசகத்தில் நிறைவேறினால் அவற்றை முறையாக வாங்கியவரும் விதியை மீறியவர் ஆகிவிடுவார்.

லிஸ்ப் என்றதும் எனக்கு நெருக்கமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பழைய வரைவாளர்கள் பலரின் கணினியில் ஒரு சின்ன நிரல் இருக்கும். நிலத்தின் எல்லைக் கோட்டைத் தொட்டால் பரப்பைச் சதுர மீட்டர், சதுர அடி, சென்ட் மூன்றிலும் எழுதிவிடும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, சதுர மீட்டரில் 40.47. பத்திரம் சென்ட்டில் பேசும், சர்வே படம் ஹெக்டேரிலும் ஏரிலும் (நூறு சதுர மீட்டர் ஓர் ஏர்) பேசும். இரண்டுக்கும் நடுவில் நின்று சண்டை வராமல் பார்த்துக்கொள்வது அந்த நிரல்தான். எங்களுடையதை எனக்குத் தொழில் கற்றுத் தந்த அண்ணன் எழுதிக் கொடுத்தார். அவர் இப்போது இல்லை. ஆட்டோலிஸ்ப் 1986இல் வந்தது. அன்று எழுதிய நிரல்களில் பெரும்பாலானவை இன்றும் ஓடும், அது அந்த மொழியின் பெருமை. ஆனால் செலவைக் குறைக்க எல்.டி. என்ற, வசதி குறைந்த மலிவுப் பதிப்பை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்: எல்.டி.யில் லிஸ்ப் ஓடத் தொடங்கியதே 2024 பதிப்பில் இருந்துதான். லிஸ்ப் இல்லாமல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதிய துணை நிரல் வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். 2025 பதிப்பு டாட்நெட் 8க்கு மாறிவிட்டதால் பழையவற்றைத் திருத்தி மறுபடி உருவாக்க வேண்டும். அதை எழுதியவர் இப்போது துபாயிலோ பெங்களூரிலோ இருப்பார்.

அப்புறம் தமிழ் எழுத்து. வேறு ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நமக்கு அப்படி இல்லை. பாகப்பிரிவினை ஸ்கெட்ச்சில் நான்கு எல்லையையும், விளையின் (தோட்ட நிலத்தின்) பெயரையும், தோடு (ஓடை), நடைபாதை, பொதுக்கிணறு எல்லாவற்றையும் தமிழில் எழுதித் தருகிறோம். 1956 நவம்பர் 1இல் நாம் தமிழ்நாட்டோடு சேருமுன் எழுதிய பத்திரங்களில் பல மலையாளத்தில் இருப்பதால், அந்தப் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் பதிந்திருக்கிறோம். இருபது வருடமாக இதையெல்லாம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்து வைத்திருக்கிறோம். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்றுக்கொண்ட பிறகும் பழைய கோப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. புதுக் கணினியில் புதுப் பதிப்பை ஏற்றி, அந்த எழுத்துருவை ஏற்ற மறந்தால், "வடக்கு: பொதுப்பாதை" என்ற இடத்தில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் நிற்கும். அந்த வரி கோர்ட்டு வரை போகக்கூடிய வரி. ஆகவே யார் மாறினாலும் பழைய எழுத்துரு, எஸ்.எச்.எக்ஸ். கோப்பு (ஆட்டோகேட்டின் சொந்த எழுத்துரு), பிளாட் ஸ்டைல், ஹேட்ச் கோப்புகளை முதலில் நகலெடுங்கள். ஒருங்குறியில் "கொ" என்று அடித்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் ஒழுங்காக விழுகிறதா என்று திரையிலும் பாருங்கள், பிரிண்டிலும் பாருங்கள். பழைய ஸ்கெட்ச்களுக்கு இன்றே ஒரு பி.டி.எஃப். எடுத்து வைத்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்னதால் நான் மாறவே வேண்டாம் என்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் இடத்தில் மாறித்தான் ஆக வேண்டும். தீர்மானத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்கு வருத்தம். வரையும் மென்பொருள் வேறு, கணக்குப் போடும் மென்பொருள் வேறு. பழைய ஆட்டோகேட்டில் வரைந்த பீம் பலவீனமாகிவிடாது. பழைய அனாலிசிஸ் மென்பொருளில் கணக்குப் போட்ட பீம் ஆகலாம். இந்தியத் தர விதிகளில் நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 1893 முதல் பகுதி 2016இல் திருத்தப்பட்டது. 2016க்கு முன் வந்த மென்பொருளில் அந்தத் திருத்தம் இருக்க வழியே இல்லை. அதில் ஒன்று: கான்கிரீட் கட்டடத்தைப் பகுப்பாயும்போது தூணின் மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவில் (குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு) 70 சதவீதத்தையும், பீமினுடையதில் 35 சதவீதத்தையும்தான் எடுக்க வேண்டும், கான்கிரீட் வெடிப்பு விடும் என்பதைக் கணக்கில் கொள்வதற்காக. பழைய பதிப்பிலும் கையால் குறைத்துக் கொடுக்கலாம். மறந்துவிட்டால் நினைவூட்ட ஆளில்லை. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கம்பி அமைக்கும் விதியான ஐ.எஸ். 13920உம் அதே வருடம் திருத்தப்பட்டது. அது பொருந்தும் கட்டடங்களில் தூணின் சின்னப் பக்கம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. நம்மில் பலர் ஒன்பது அங்குலச் சுவருக்குள் மறையும் 230 மில்லிமீட்டர் தூணுக்கே பழகிப்போனவர்கள். மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து திருவனந்தபுரத்துக் கட்டடங்களுக்கு டிசைன் செய்பவர்கள் நம்மிடையே நிறைய. 2016 விதியின் வரைபடத்தில் கேரளம் முழுவதும் 3ஆம் நிலநடுக்க மண்டலம். அவர்கள் இதைத் தள்ளிப்போட முடியாது.

காற்று விதியும் அப்படித்தான். ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதி 1987க்குப் பிறகு 2015இல் திருத்தப்பட்டது. இரண்டு வருடம் கழித்து 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ரப்பரும் வாழையும் சாய்ந்ததை எல்லாரும் பார்த்தோம். கூரைத் தகடு பறந்ததையும் பார்த்தோம். அந்த நாளைப் பார்த்த யாரும் முந்திரி ஷெட்டுக்கும் மீன் ஷெட்டுக்கும் பழைய விதியில் டிரஸ் (கூரைச் சட்டகம்) கணக்குப் போட்டுத் தரக் கூடாது. சங்கம் ஒரு கட்டாயம் கொண்டுவர வேண்டுமென்றால் இங்கே கொண்டுவரட்டும்: கணக்குத் தாளின் முதல் பக்கத்தில் எந்த ஐ.எஸ். விதி, எந்த வருடத்துத் திருத்தம், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதற்கு என் ஓட்டு இப்போதே உண்டு. சங்கத்திடம் செலவழிக்கப் பணம் இருந்தால், சிறிய டிசைன் அலுவலகங்கள் நாலைந்து சேர்ந்து ஒரு முறையான அனாலிசிஸ் மென்பொருளை எப்படி வாங்கலாம், உரிம நிபந்தனை அதை அனுமதிக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதற்குச் செலவழியுங்கள்.

கல்லூரியில் இருந்து வரும் பிள்ளைகள் புதிய பதிப்பில்தான் படித்து வருகிறார்கள், பழைய கிளாசிக் திரையைப் பார்த்தால் திணறுகிறார்கள் என்று செயலாளர் ஒருமுறை சொன்னார். உண்மைதான். கிளாசிக் திரை 2015 பதிப்போடு எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் எங்களிடம் வந்த பிள்ளைகள் பத்து நாளில் பழகிக்கொண்டார்கள். கட்டளை பழையதுதானே. லேயர் ஒழுங்கையும் அளவு எழுதும் முறையையும் கற்பிக்கத்தான் ஆறு மாதம் ஆனது, அது எந்தப் பதிப்பிலும் ஆகும்.

என் அலுவலகத்தில் நான் என்ன முடிவு செய்திருக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மூன்றில் ஒரு கணினியை மாற்றுகிறேன். வெளியில் இருந்து வரும் பெரிய கோப்பு, சாலை வேலை டிராயிங் எல்லாம் அதில் திறக்கும். மற்ற இரண்டும் பழையபடி ஓடும். கையில் இருக்கும் வேலைகளை நடுவில் மாற்றப் போவதில்லை. எந்தப் பதிப்பில் தொடங்கிய வேலையோ அதிலேயே முடியும். புதிய பதிப்பு வந்த உடனே ஏற்றாமல், முதல் திருத்தம் வெளிவரும் வரை பொறுத்திருப்பேன். ஹார்டு டிஸ்க்கை அழிக்குமுன் பழைய உரிமத்தை மறுபடி ஏற்ற முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். முடிந்த வேலை ஒவ்வொன்றுக்கும் டி.டபிள்யூ.ஜி.யோடு பி.டி.எஃப்.பும், பிற மென்பொருள்களும் திறக்கும் டி.எக்ஸ்.எஃப். ஒன்றும் எடுத்து இரண்டு இடத்தில் வைக்கிறோம். வீடு ஐம்பது வருடம் நிற்கும். மேலே ஒரு மாடி எழுப்பலாமா என்று அந்த வீட்டுப் பேரன் வந்து கேட்கும்போது அஸ்திவார டிராயிங் திறக்க வேண்டும்.

ஆகவே தீர்மானத்தின் வாசகத்தை இப்படி மாற்றித் தரக் கேட்கிறேன்: "உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் தரும் டிராயிங்குகள் 2010 டி.டபிள்யூ.ஜி. வடிவத்தில், திருத்த எண்ணும் தேதியும் போட்ட பி.டி.எஃப். உடன் தரப்பட வேண்டும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பது அந்தந்த அலுவலகத்தின் முடிவு." 2010 ஏன் என்றால், எனக்குத் தெரிந்த அலுவலகங்களில் மிகப் பழையது அதுதான். இன்னும் பழையது யாரிடமாவது இருந்தால் கூட்டத்தில் சொல்லட்டும், கீழே இறக்கிக்கொள்ளலாம். சிவில் 3டி மென்பொருளில் சாலை, கால்வாய் வேலை செய்பவர்களின் கோப்பு சும்மா கீழ்வடிவத்தில் சேமித்தால் சரியாக வராது, வெறும் கோடுகளாக ஏற்றுமதி செய்துதான் தர வேண்டும். அதற்கு அவர்களே ஒரு வரி சேர்த்துத் தந்தால் நல்லது.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அலுவலகம் திறந்திருக்கும். மாற்றப்போகும் கணினியில் புதிய பதிப்பின் சோதனைப் பிரதியை ஏற்றி வைத்திருக்கிறேன். நிறுவனம் தரும் மாதிரி டிராயிங்கைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. உங்களிடம் இருப்பதிலேயே பழையது ஒன்று, கனமானது ஒன்று, தமிழ் எழுத்து உள்ளது ஒன்று, பிறகு உங்கள் லிஸ்ப், எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்து வாருங்கள். வைரஸ் சோதித்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். எது திறந்தது, எது உடைந்தது என்று எழுதி எடுத்துக்கொண்டு பொதுக்குழுவுக்குப் போகலாம். தீர்மானத்தை எழுதியவர்களும் வர வேண்டும் என்று அன்போடு அழைக்கிறேன்.

இப்படிக்கு,
தக்கலையில் இருந்து ஒரு வரைவாளர்